கையெழுத்துக்குக் கொடுக்கும் வருடங்கள்

சி.ஏ. முடித்தவரை எங்கள் ஊரில் யாரும் பட்டயக் கணக்காளர் என்று சொல்வதில்லை. ஆடிட்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு தணிக்கை அறிக்கையில்கூடக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் பட்ஜெட் போடுகிற வேலையில் இருப்பார். இருந்தாலும் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் "ஆடிட்டர் வந்துட்டாருங்க" என்றுதான் பேச்சு. கணக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சட்டம் ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் வேலையின் பெயரைச் சொல்லி ஊர் அவரை அழைக்கிறது. சி.ஏ. படித்தால் நிஜமாகவே வாழ்க்கையில் மேலே வரலாமா என்ற கேள்விக்கு, பாதிப் பதில் அந்த அழைப்பிலேயே இருக்கிறது.

துடியலூரில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி, வி.கே.எல். நகரில் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கோவைக் கிளை இருக்கிறது. முதுகில் பையோடு பிள்ளைகள் பஸ் இறங்கி அந்தப் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சுற்று வட்டாரத்தில் லேத் பட்டறைகள், பம்பு கம்பெனிகள், ஃபவுண்டரிகள், மோட்டார் வைண்டிங் கடைகள். பட்டறைக்காரரின் பிள்ளை பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்திருந்தால், அந்தக் கட்டடம் அவர்கள் வீட்டுப் பேச்சுக்குள் தானாக வந்துவிடும்.

போன மாதம் எங்கள் தெருவில் லேத் வைத்திருப்பவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, புள்ள சி.ஏ.தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அஞ்சு வருசம் ஆகுமுன்னு ஒருத்தர் சொல்றார், எட்டு வருசம் ஆகுமுன்னு இன்னொருத்தர் சொல்றார். அத்தனை வருசம் போட்டாத் தகுமுங்களா?" என்று கேட்டார். அவர் என்னைத் தேடி வந்தது நான் ஆடிட்டர் என்பதால் அல்ல. அந்தப் பாதையில் முக்கால் தூரம் போய் நின்றவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

1993-இல் பி.காம். முடித்துச் சேர்ந்தேன். இடைநிலைத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் தேறினேன். ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஸ் என்னும் மூன்று வருடப் பயிற்சியை முடித்தேன். ஃபைனலில் முதல் குரூப் கிடைத்தது. இரண்டாவது குரூப்பை ஐந்து தடவை எழுதினேன். ஒரு தடவை 400-க்கு 196 வாங்கினேன். 200 வேண்டும். மதிப்பெண் பட்டியல் தபாலில் வந்த அந்த மத்தியானம் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டு வைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. 2000-இல் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து கோவை வட்டாரக் கம்பெனிகளில் கணக்குப் பார்த்துத்தான் வாழ்கிறேன். ஆகவே லைசென்ஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

லைசென்ஸ் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் மூன்று படிகள் உண்டு. ஃபைனல் தேறுவது முதல் படி. நிறுவனத்தில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்வது அடுத்தது; அதுவரை பெயரோடு சி.ஏ. என்று போட்டுக்கொள்ள முடியாது. சொந்தமாகத் தொழில் செய்வதற்கான சான்றிதழை வாங்குவது மூன்றாவது. சி.ஓ.பி. என்பார்கள். தணிக்கைக் கையெழுத்து அந்த மூன்றாவது படியில்தான் இருக்கிறது. நாடு முழுவதும் 4 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கம்பெனிகளில் சம்பளத்துக்கு இருப்பவர்கள். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடாதவர்கள்.

அந்தக் கையெழுத்து எங்கே தேவைப்படுகிறது? கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் ஆனாலும் அதன் ஆண்டுக் கணக்கை ஒரு சி.ஏ.தான் தணிக்கை செய்ய வேண்டும். வருமான வரியில், வியாபாரத்தின் விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டினால் வரித் தணிக்கை. வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. வங்கிக் கிளைத் தணிக்கை, கடனுக்கான சான்றிதழ்கள் என்று பட்டியல் நீளும். 2019 முதல் ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் 18 இலக்க எண் ஒன்றை எடுத்துப் போட வேண்டும். யு.டி.ஐ.என். என்று பெயர். ஆடிட்டர் அல்லாதவர்கள் ஆடிட்டராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஒரு கையெழுத்தைப் போலியாகப் போடுகிறார்கள் என்றால் அதற்குச் சந்தையில் என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

இதற்கு வெளியே கிடக்கும் கணக்கு வேலை கடல் மாதிரி. பில் போடுவது, டாலியில் ஏற்றுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல், சம்பளப் பட்டியல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஒரு மோட்டாருக்கு அடக்கவிலை எவ்வளவு ஆகிறது என்று கண்டுபிடிப்பது. இதில் எதற்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்று நாலு பட்டறைக்குப் போய்க் கணக்கெழுதும் பார்ட் டைம் அக்கவுண்டன்டுகளை நம்பித்தான் இந்த வட்டாரத்துச் சிறுதொழில் ஓடுகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து வந்தபோது, எங்கள் கம்பெனியில் முதலில் எச்சரிக்கை மணி அடித்தவள் பி.காம். முடித்து இரண்டே வருடமான ஒரு பெண். சப்ளையர்களில் யார் யார் உதயம் பதிவு வைத்திருக்கிறார்கள் என்று தானே ஒரு பட்டியல் தயாரித்து மேசையில் வைத்தாள். அறிவுக்கு லைசென்ஸ் கிடையாது.

அப்படியானால் லைசென்ஸ் எதற்கு? எனக்கு அது புரிந்தது 2004-இல், ஒரு செப்புக் கம்பிக் கணக்கில்.

அப்போது நான் இருந்தது மோட்டார் தயாரிக்கும் ஒரு கம்பெனி. வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு. மாதாமாதம் சரக்கு இருப்பைக் காட்டி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்போம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த வருடம் வசூல் மோசம். சரக்கைக் கூட்டிக் காட்டினால்தான் எடுக்கக்கூடிய அந்த வரம்பு, அதாவது டிராயிங் பவர், நிற்கும் என்ற நிலை. முதலாளி சொன்ன எண்ணை நான் எழுதினேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தில் வைண்டிங் கம்பி 1,140 கிலோ. ஆடிட்டர் ஆபீசிலிருந்து மார்ச் 31 அன்று சரக்கு எண்ண வந்தவள் ஒரு ஆர்ட்டிகிள் பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். சுருள் சுருளாகத் தராசில் ஏற்றச் சொன்னாள். டிரம்மின் எடையைத் தனியாகக் கழித்தாள். 412 கிலோ. சாயங்காலம் ஆடிட்டரே நேரில் வந்தார்.

"மீதிக் கம்பி எங்கீங்க?" என்றார்.

"வைண்டிங்குக்குக் கணபதி ஏரியாவுக்குப் போயிருக்குதுங்க. வந்துரும்" என்றார் முதலாளி.

"போயிருந்தா சலான் இருக்கோணுமுங்களே."

சலான் இல்லை. ஆடிட்டர் சத்தம் போடவில்லை. 412 கிலோ போட்டுக் கணக்கை முடித்தால் கையெழுத்துப் போடுகிறேன், 1,140 போட்டால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். முதலாளி வேறு ஆடிட்டரைத் தேடினார். இங்கேதான் சட்டத்தில் ஒரு நல்ல கண்ணி இருக்கிறது: புதிதாக வரும் ஆடிட்டர், ஏற்கெனவே இருந்தவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் அந்தத் தணிக்கையை ஏற்கக் கூடாது, ஏற்றால் அது தொழில் ஒழுங்கீனம். வந்தவர் பதிவுத் தபாலில் கடிதம் போட்டார். பழையவரிடமிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. புதியவர் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் 412-க்கே கணக்கு முடிந்தது. வங்கி வரம்பைக் குறைத்தது. கம்பெனி ஒரு வருடம் திணறி எழுந்தது.

கம்பி 1,140 கிலோ இல்லை என்பது ஆடிட்டருக்கு முன்பே எனக்குத் தெரியும். கணக்கறிவில் நான் அவருக்குப் பெரிதாகக் குறைந்தவன் இல்லை; அந்த இருப்புநிலைக் குறிப்பை வரி வரியாகத் தயாரித்தவனே நான்தான். வித்தியாசம் ஒன்றுதான். அவரால் முடியாது என்று சொல்ல முடிந்தது. என்னால் முடியவில்லை. என் மறுப்புக்கு மதிப்பு ஒரு மாதச் சம்பளம். அவர் மறுப்புக்குப் பின்னால் ஒரு சட்டம், ஓர் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, எண்ணோடு கூடிய ஒரு பெயர் எல்லாம் நின்றன. தவறான கணக்கில் கையெழுத்துப் போட்டால் பறிபோவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அதனால்தான் அவர் சொல்லுக்கு வங்கி காது கொடுத்தது. லைசென்ஸின் பொருளாதாரமே இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இழக்கக்கூடிய ஒன்றைப் பணயமாக வைத்திருப்பவரின் சொல்லுக்குத்தான் விலை.

கம்பெனிக்குள் சம்பளத்துக்கு இருக்கும் சி.ஏ.வின் நிலை வேறு. அவருக்கும் மாதச் சம்பளம் முதலாளி கையில்தான். ஒழுங்கு விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும் என்றாலும், அவருக்குக் கிடைக்கும் கூடுதல் சம்பளம் கையெழுத்துக்காக அல்ல. அவர் ஒரு கடினமான வடிகட்டியைத் தாண்டி வந்தவர் என்ற நம்பிக்கைக்காக. அந்த நம்பிக்கையில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. இரண்டையும் நான் அனுபவித்திருக்கிறேன்.

வேலை தேடிய நாளில் ஒரு கம்பெனியின் நேர்காணலில், ஃபைனல் முடிக்காததால் பாதிச் சம்பளம்தான் தருவோம் என்றார்கள். சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து என் தலைக்கு மேல் ஒரு புதிய சி.ஏ. வந்தார். எக்சைஸ் ரிஜிஸ்டர் எப்படி எழுதுவது, எந்தப் பில் எந்த ஃபைலில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஆத்திரம் வெகுநாள் இருந்தது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் அவர் எனக்குச் சமமாக வந்தார். மூன்றாவது வருடம் என்னைத் தாண்டிப் போனார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் கம்பெனியைப் பார்த்தார். எந்தப் பம்பில் லாபம், எதில் நஷ்டம் என்று முதலாளியிடம் உட்கார்ந்து பேச அவருக்குத் தெரிந்தது. அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி அந்தக் கொடுமையான ஃபைனல் பாடங்களிலிருந்து வந்ததுதான் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

இனி விலைக்கு வருவோம். 2023 நவம்பரில் நடந்த ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் இரண்டிலும் தேறியவர்கள் 9.42 சதவீதம். 2024 மே மாதத் தேர்வில் அது 19.88 சதவீதம், அந்தத் தடவை 20,446 பேர் புதிதாகச் சி.ஏ. ஆனார்கள். நல்ல தடவை என்று கொண்டாடப்பட்டதிலும், இரண்டையும் சேர்த்து எழுதிய ஐந்து பேரில் நாலு பேர் அன்று இரண்டையும் முடிக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்பது கேட்க எளிதாக இருக்கும். இரண்டு தாளில் 60 வாங்கியவர் மூன்றாவதில் 38 வாங்கினால் அந்தக் குரூப்பே போச்சு.

நிறுவனம் நடத்தும் கேம்பஸ் தேர்வில் அண்மை ஆண்டுகளில் சராசரிச் சம்பளம் வருடத்துக்கு 12 லட்சம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. கோச்சிங் சென்டர் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது அதுவும் அதற்கு மேலும்தான். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது தேறியவர்களில், அந்தக் கேம்பஸில் வேலை கிடைத்தவர்களின் சராசரி. ஓட்டத்தை முடித்தவர்களின் நேரத்தை மட்டும் கூட்டி வகுத்தால் பாதியில் விழுந்தவர்கள் அதில் வர மாட்டார்கள். 1997-லிருந்து 2000 வரை நான் செலவழித்த மூன்று வருடம் எந்தச் சராசரியிலும் இல்லை. என் வயதுக்காரர்கள் அந்த மூன்று வருடத்தில் ஒரு கம்பெனியில் நிலைத்து, கல்யாணம் முடித்து, கவுண்டம்பாளையத்தில் இடம் வாங்கிப் போட்டார்கள். கணக்குப் படித்தவன் தன் சொந்த வருடங்களுக்குக் கணக்குப் போடாமல் விட்டேன் என்பதுதான் என் வருத்தம்.

லேத்காரரிடம் நான் இதைத்தான் முதலில் சொன்னேன். படிக்கலாமா வேண்டாமா என்பதைவிட, எத்தனை தடவை என்பதை இன்றைக்கே பேசி முடியுங்கள். பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கும் நாளில் அந்தப் பேச்சை எடுக்க எந்த வீட்டாலும் முடியாது. இன்னொரு தடவை, இன்னும் ஒரே தடவை என்று போய்க்கொண்டே இருக்கும். முன்பு வருடத்துக்கு இரண்டு தேர்வு. 2024 முதல், முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனும் இன்டரும், 2025 முதல் ஃபைனலும் வருடத்துக்கு மூன்று தடவை என்று ஆனது. மாணவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நம்பிக்கை அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால் முடிவெடுப்பது இன்னும் கடினமாகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

சட்டம் ஒதுக்கிக் கொடுத்த இடம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, விற்றுமுதல் 2 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் வருடத்துக்கு ஒரு முறை ஜி.எஸ்.டி. கணக்கைத் தணிக்கை செய்து சான்று வாங்க வேண்டும் என்று இருந்தது. சி.ஏ.க்களுக்கும் காஸ்ட் அக்கவுண்டன்டுகளுக்கும் அது பெரிய வேலை. அதை நம்பி ஆள் சேர்த்த சிறு ஆபீஸ்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு திருத்தத்தில் அந்தச் சான்றை எடுத்துவிட்டது. 2020-21 கணக்கிலிருந்து 5 கோடிக்கு மேற்பட்ட வியாபாரி தானே உறுதி சொல்லிக் கொடுத்தால் போதும் என்றானது. அதே சமயம் கீழ்த்தட்டு வேலையும் கரைகிறது. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் முன்பு மூன்று பேர் உட்கார்ந்து கொள்முதல் பில்லை ஒப்பிடுவார்கள். இன்று அது ஒருவருக்கு ஒரு நாள் வேலை. பில் ஏற்றத் தெரியும் என்பதை மட்டும் நம்பி ஒரு பெண்ணை நாற்பது வருட உத்தியோகத்துக்கு அனுப்ப எனக்கு இன்று மனம் வராது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் லைசென்ஸ் பக்கம்தான் தராசு சாய்கிறது. கையெழுத்துக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் மாற்றிவிடவில்லை.

அமெரிக்க சி.பி.ஏ. பற்றியும் கேட்கிறார்கள். சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூலம் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. நாலு தாள், ஒவ்வொன்றிலும் 75 வேண்டும். 2020 முதல் இந்தியாவிலேயே எழுதலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால் போதும். சி.ஏ.வை விடச் சீக்கிரம் முடியும். வெளிநாட்டுக் கணக்கை இங்கிருந்து செய்யும் ஆபீஸ்களில் அதற்கு மரியாதையும் சம்பளமும் உண்டு. ஆனால் அந்த லைசென்ஸைக் கொடுப்பது அங்குள்ள மாநிலங்கள். துடியலூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் அதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது. 13 தாள் கொண்ட இங்கிலாந்தின் ஏ.சி.சி.ஏ.வுக்கும் அதே நிலைதான். இங்கே அவை திறமைக்கான சான்றுகள். அப்படி நினைத்துப் படித்தால் ஏமாற்றம் இல்லை. அமெரிக்காவிலேயே கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துபோய், கூடுதலாக ஒரு வருடப் படிப்பைக் கேட்கும் விதியைத் தளர்த்த ஒஹையோ போன்ற மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. லைசென்ஸுக்காக வாங்கும் வருடங்கள் அதிகமாகிவிட்டால் பிள்ளைகள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்பது அங்கே இப்போது தெரிந்திருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் லேத்காரர் மகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் ஆர். சிவபோகம். 1907-இல் பிறந்த தமிழ்ப் பெண். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைக்குப் போனவர். சி.ஏ. என்ற பட்டமே இல்லாத காலத்தில், அன்றைய ஜி.டி.ஏ. என்னும் அரசுக் கணக்கியல் பட்டயத்தை 1933-இல் முடித்து, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சென்னையில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். 1949 ஜூலை 1 அன்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைந்தது; 1950-களில் அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு அவர் தலைவராகவே இருந்தார். துடியலூர்க் கிளை இருப்பது அந்த மண்டலக் குழுவின் கீழ்தான். பெண் ஒருத்தி கணக்கைச் சரி பார்த்து ஆண்களின் கம்பெனிக்குச் சான்று கொடுப்பதை ஊர் நினைத்துப் பார்க்காத நாளில், அவர் கையெழுத்தைச் சட்டப்படி ஏற்றாக வேண்டியிருந்தது.

இன்றும் லேத் பட்டறைப் பெண்ணுக்கு அது பொருந்தும். தொழில் குடும்பத்தில் பிறந்த பையனுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் அப்பாவின் கம்பெனி இருக்கிறது. மாமனாரின் மில் இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது? கம்பெனிகளில் மேலே போவதற்கு யாரைத் தெரியும், எந்த ஊர், எந்த ஆளுங்க என்ற கேள்விகள் இந்தக் கொங்குச் சீமையில் இன்னும் மௌனமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர் எண்ணுக்கு அந்தக் கேள்விகள் தெரியாது. கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போனாலும் ஈரோட்டில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டலாம். பிள்ளை பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினாலும் எண் அப்படியே இருக்கும். கம்பெனி அனுபவத்தை அப்படி மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுக்க முடியாது. என்னோடு வேலை பார்த்த பெண்களில் எத்தனை பேர் அதில் அடிபட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை, இன்டரோடு நின்றவர்களை நாம் நடத்தும் விதம். இரண்டு குரூப் இன்டரும் முழு ஆர்ட்டிகிள்ஸும் முடித்தவர், இந்த வட்டாரத்தின் எந்த நடுத்தரக் கம்பெனிக்கும் கணக்குப் பிரிவைத் தாங்கக்கூடியவர். பாதிக் கம்பெனிகளை அவர்கள்தான் தாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு பட்டம் இல்லை, வேலை விண்ணப்பத்தில் 'முடிக்கவில்லை' என்பதே தகுதியாக நிற்கிறது. 2023-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்ததோடு, ஃபைனல் முடிக்காமல் வெளியேறுபவர்களுக்கு பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட் என்ற சான்றிதழுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். இது இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. கோவையின் பம்புக் கம்பெனிகளும் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியாளர்களும் தங்கள் வேலை விளம்பரத்தில் அந்தப் பெயரை எழுதத் தொடங்கினால்தான் அதற்கு உயிர் வரும். தொழில் சங்கங்கள் இதைப் பேச வேண்டும். வெறும் காகிதமாகப் போனால், பாதியில் நின்றவர்களின் வருடங்கள் மறுபடியும் கணக்கில் வராமலே போகும்.

லேத்காரரிடம் நான் சொன்னது இவ்வளவு. சி.ஏ.வுக்குச் சேரும்போதே பி.காம்.முக்கும் சேர்த்துவிடுங்கள். ஆர்ட்டிகிள்ஸுக்கு ஸ்டைபண்ட் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். பலவகைக் கம்பெனிக் கணக்கும் வரும் ஆபீஸா என்று பாருங்கள். ஃபைனலுக்கு நாலு தடவை, அதற்கு மேல் அவளே கெஞ்சினாலும் யோசியுங்கள். கையெழுத்துப் போடுகிற தொழிலுக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் முழு மனதோடு போகட்டும். நல்ல சம்பளம் மட்டும்தான் நோக்கம் என்றால், அதற்கு இதைவிடக் குறுக்கு வழிகள் உண்டு.

அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதுவரை பேசாமல் இருந்த பெண், "மாமா, கம்பி எடை போட்டாங்களே அந்த அக்கா, அவங்க பாஸ் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். செப்புக் கம்பிக் கதையை அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் அதைத்தான் கவனித்திருக்கிறாள். பாஸ் பண்ணிவிட்டாள், நாலாவது தடவையில், இப்போது சொந்த ஆபீஸ் வைத்திருக்கிறாள் என்றேன்.

வருகிற மார்ச் 31 அன்று எங்கள் கம்பெனி குடோனில் சரக்கு எண்ணுவார்கள். காலை எட்டு மணிக்கு வந்து நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தராசைத் துடைத்து வைக்க வேண்டும்.